பரணில் கிடக்கும் ரூட்டரும் நாலு கேபிளும்: சிக்கனமாக ஒரு வீட்டு நெட்வொர்க்

பின்னறையில் நெட் சுற்றிக்கொண்டே இருந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, புது ரூட்டர் வாங்கிவிடலாம் என்பதுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மல்லாந்து கிடக்கும் சிலந்தி மாதிரி ஆறு ஆன்டெனாவை நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை வாங்கிவந்து மாட்டினேன். கூடத்தில் ஏற்கெனவே நன்றாக வந்த சிக்னல் இன்னும் நன்றாக வந்தது. பின்னறையில் பழைய கதைதான். கடைசியில் அந்த அறையைச் சரிசெய்தது ஒரு நீளமான கேபிளும், பரணில் தூசி படிந்து கிடந்த பழைய ரூட்டரும்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். இடம் மாறாத சாதனங்களை வயரில் போடுங்கள், கையோடு சுற்றுபவற்றுக்கு மட்டும் வைஃபையை விடுங்கள். ஒரு சேனலில் இருக்கும் வைஃபை சாதனங்கள் எல்லாம் ஒரே மைக்கை மாற்றி மாற்றி வாங்கிப் பேசுபவை. ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். டிவியையும் மேசைக் கணினியையும் வயருக்கு மாற்றிவிட்டால் மைக்குக்கான வரிசை குறைகிறது, போனுக்கும் லேப்டாப்புக்கும் தானாகவே வேகம் கூடுகிறது. இதற்குப் பெரிய செலவு கிடையாது. அரை நாள் உழைப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதலில் ஒரு தாள், ஒரு பேனா

கடைக்குப் போகும் முன் வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கிறுக்குங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. இணைய இணைப்பு வீட்டுக்குள் நுழையும் இடம், சுவர்கள், கதவுகள், மின்பிளக் இருக்கும் இடங்கள், இவ்வளவும் இருந்தால் சரி. நகராத சாதனங்களை வட்டத்தில் குறியுங்கள். போன், லேப்டாப் போன்றவற்றைக் குறிக்கவே வேண்டாம், அவை எங்கே அதிகம் பயன்படுகின்றன என்பதை மட்டும் நிழலிட்டுக் காட்டுங்கள்.

அப்புறம் நீளம். நேர்கோட்டில் அளந்து ஏமாறாதீர்கள். கேபிள் சுவரோரமாகப் போகும், கதவு நிலையைச் சுற்றி ஏறி இறங்கும். ஒரு நூலை அதே வழியில் ஓட்டிப் பார்த்து, பிறகு நூலை அளப்பதுதான் சுலபம். வந்த நீளத்தோடு இரண்டு மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். கேபிள் மிஞ்சினால் சுருட்டி வைக்கலாம், அரை மீட்டர் குறைந்தால் மொத்தமும் வீண்.

மூன்றாவது, வீட்டில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடுவது. பரண், பழைய அட்டைப்பெட்டி, மேசையின் கடைசி இழுப்பறை என்று எல்லாவற்றையும் கிளறுங்கள். பழைய ரூட்டர், பழைய கேபிள், எதற்கென்றே தெரியாத அடாப்டர்கள் கிடைக்கும். கிடைத்த கேபிளின் வெளியுறையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 'கேட் 5ஈ' (Cat 5e) அல்லது 'கேட் 6' (Cat 6) என்று கேபிளின் தரம் போட்டிருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. துளை பொருந்துகிறது என்பதற்காகச் செருகிவிடக் கூடாது. 9 வோல்ட் கேட்கும் பெட்டியில் 12 வோல்ட்டைச் செருகினால் அதோடு அதன் ஆயுள் முடிந்துபோகலாம். வோல்ட் அளவு அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர், பெட்டி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனையின் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும் சின்ன வட்டப் படம் இரண்டின் ஸ்டிக்கரிலும் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

எந்தப் பெட்டி என்ன செய்கிறது

நாம் ரூட்டர் என்று சொல்லும் பெட்டிக்குள் உண்மையில் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். வீட்டு நெட்வொர்க்கையும் வெளி இணையத்தையும் இணைத்து நடுவில் நிற்பவர் ரூட்டர். பின்பக்கம் இருக்கும் நாலு துளைகளை ஒன்றோடொன்று சேர்ப்பவர் ஸ்விட்ச். காற்றில் சிக்னல் விடுபவர் ஆக்சஸ் பாயின்ட். இந்த மூவரையும் மனதில் தனித்தனியாகப் பிரித்துக்கொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும். பின்னறைக்குத் தேவைப்படுவது மூன்றாமவர் மட்டும்தான். அதற்காக மூவரையும் சேர்த்துப் புதிதாக வாங்குகிறோம்.

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில் ஒளியை மின்சிக்னலாக மாற்றும் பெட்டி ஒன்றும் இருக்கும். பல இடங்களில் ரூட்டரும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த மெல்லிய ஃபைபர் வயரை மட்டும் மடக்காதீர்கள், ஆணியில் மாட்டாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

வீட்டுக்குள் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஐபி முகவரி உண்டு. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். இணையத்தில் இன்றும் பரவலாகப் புழங்கும் பழைய முறையில் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள்தான். அது உலகத்துக்குப் போதாது என்பதால், வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளச் சில வரிசைகளை ஒதுக்கி வைத்தார்கள். 1996இல் வந்த தரநிலையில் 192.168 வரிசை அப்படி ஒதுக்கப்பட்டது. அதனால்தான் உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் 192.168.1.5 இருக்க முடிகிறது. வெளியே போகும்போது ரூட்டர் தன் முகவரியைப் போட்டு அனுப்பி, பதில் வந்ததும் உள்ளே யார் கேட்டது என்று பார்த்துக் கொடுத்துவிடும். இந்த முகவரிகளைச் சாதனங்களுக்குப் பங்கிடும் வேலைக்குப் பெயர் டிஹெச்சிபி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேகத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. இணைப்பு விளம்பரங்களில் வரும் எம்பி என்பது மெகாபிட். கோப்பின் அளவைச் சொல்லும் எம்பி என்பது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு 10 ஜிபி படங்களை மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 எம்பிபிஎஸ் துளை வழியாக அதற்குக் கால் மணி நேரம் ஆகும். கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் துளை வழியாக ஒன்றரை நிமிடம். வீட்டுக்குள் கோப்பு மாற்றும் வேலை இல்லை, இணைய இணைப்பும் 100க்குள்தான் என்றால் பழைய 100 எம்பிபிஎஸ் பெட்டிகளே தாராளம்.

கேபிள்: காசைப் போட வேண்டிய இடம்

ரூட்டரை மூன்று நாலு வருடத்தில் மாற்றிவிடுவோம். சுவரோரம் ஓடும் கேபிள் பதினைந்து வருடம் இருக்கும். ஆகவே சிக்கனம் பிடிப்பவர்கள் இங்கே மட்டும் கை வைக்காமல் இருப்பது நல்லது. அதற்காக விலையுயர்ந்ததைத் தேடிப் போகச் சொல்லவில்லை. கேட் 5ஈ கேபிளே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகத்தைத் தாங்கும். நம் வீடுகளில் எந்த ஓட்டமும் அதில் பாதியைக்கூடத் தொடாது. விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் கேட் 6 வாங்குங்கள். கேட் 7, கேட் 8 என்று பளபளப்பான அட்டையில் வருவதை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது கம்பி செம்புதானா என்பது. அலுமினியக் கம்பிக்கு மேல் செம்புப் பூச்சு கொடுத்து மலிவாக விற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். பிளேடால் ஒரு கம்பியை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். இரண்டு மூன்று முறை மடக்கினாலே ஒடிந்துவிடும், மின்தடையும் அதிகம். ஓரிரண்டு மீட்டருக்கு ஓடலாம், சுவருக்குள் போடுவதற்கு வேண்டவே வேண்டாம்.

மின்சார வயரோடு ஒட்டி உரசிக்கொண்டு இணையாக ஓட்டாதீர்கள். ஓர் அடி தள்ளி ஓட்டினால் நல்லது. தாண்டித்தான் ஆக வேண்டுமென்றால் குறுக்கே செங்குத்தாகத் தாண்டுங்கள். மூலைகளில் கூராக மடிக்காமல் ஒரு வளைவு கொடுங்கள். சுவரை உடைக்க வேண்டாம், தரையை ஒட்டிய பிளாஸ்டிக் கேசிங் பட்டிக்குள் விட்டால் போதும்.

இரண்டு மூன்று ஓட்டம்தான் என்றால் இரு முனையிலும் பிளக் மாட்டிய கேபிளாகவே வாங்கிவிடுங்கள். பிளக்கைக் கேபிளில் அமுக்கிப் பொருத்தும் கிரிம்பிங் டூல் வாங்கும் காசு மிச்சம். அதற்கு மேல் என்றாலோ, சுவர்த் துளை பிளக் நுழையாத அளவுக்குச் சிறியது என்றாலோ, நீங்களே பிளக் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம். முதல் நாலைந்து பிளக் வீணாகத்தான் போகும். அதைக் கணக்கில் சேர்த்தே வாங்குங்கள்.

செய்முறை இதுதான். வெளியுறையை இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு உரியுங்கள், உள்ளே இருக்கும் கம்பிகளில் பிளேடு படாமல். முறுக்கிய நாலு ஜோடி தெரியும். முறுக்கைப் பிரித்து, விரலால் நீவி நீவி நேராக்கி, இடமிருந்து வலமாக இப்படி அடுக்குங்கள்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அடுக்கியதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறுகப் பிடித்து, ஒரே வெட்டாக ஒன்றேகால் சென்டிமீட்டர் விட்டு நறுக்குங்கள். பிளக்கின் நாக்கு கீழே பார்க்கும்படி பிடித்தால் முதல் கம்பி இடப்பக்கம் வரும். உள்ளே தள்ளிவிட்டு, பிளக்கின் முன்முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிய வேண்டும். வெளியுறையும் பிளக்குக்குள் கொஞ்சம் போயிருக்க வேண்டும், அப்போதுதான் இழுத்தால் கழன்று வராது. பிறகு டூலில் வைத்து ஓர் அமுக்கு. மறுமுனையிலும் இதே வரிசை.

பச்சை ஜோடியை ஏன் பிரித்து நடுவில் நீலத்தைச் செருக வேண்டும் என்று யாருக்கும் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. ஜோடி ஜோடியாக அடுக்கினால் பார்க்க அழகாக இருக்குமே என்று ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று வரிசையாக அடித்துவிட்டேன், இரு முனையிலும் ஒரே மாதிரி. டெஸ்டரில் வைத்தால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. கணினியில் செருகினால் இணைப்பு வரும், அறுந்துபோகும், வரும், அறுந்துபோகும். ஒரு வார இறுதி முழுக்க ரூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

காரணம் முறுக்கில் இருக்கிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகளிலும் ஒரே சிக்னல் நேரெதிராகப் போகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரண்டின் மேலும் சமமாகப் படியும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. பிளக்கில் 3ஆம், 6ஆம் இடங்கள் ஒரு ஜோடி. என் அழகான வரிசையில் 3இல் பச்சைக் குடும்பத்துக் கம்பியும் 6இல் நீலக் குடும்பத்துக் கம்பியும் உட்கார்ந்துவிட்டன. ஒன்றோடொன்று முறுக்காத இரு கம்பிகள். மலிவான டெஸ்டர் கம்பி தொடர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஸ்விட்ச்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரூட்டரின் நாலு துளை போதவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள். செட்டிங் எதுவும் இல்லாத சாதாரண கிகாபிட் ஸ்விட்ச் போதும். செருகினால் வேலை செய்யும். ஐந்து துளை உள்ளதில் ஒன்று ரூட்டருக்குப் போய்விடும், மிச்சம் நாலுதான் என்பதை மறக்காமல் எண்ணி வாங்குங்கள். ஒரு கேபிளின் இரு முனைகளையும் தவறி அதே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். தகவல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றிப் பெருகி, மொத்த வீட்டுக்கும் நெட் நின்றுவிடும். எல்லா விளக்குகளும் வெறி பிடித்த மாதிரி ஒரே நேரத்தில் மின்னினால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ரூட்டர் செட்டிங்: ஒரே முறை உட்கார்ந்து முடித்துவிடுங்கள்

கணினியைக் கேபிளால் ரூட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியாகவே வைஃபை செட்டிங்கை மாற்றினால், உட்கார்ந்த கிளையை வெட்டுவது போல நடுவில் இணைப்பு போய்விடும். பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். எது என்பது ரூட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்.

முதல் வேலை, நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றுவது. இது வைஃபை பாஸ்வேர்டு அல்ல, இந்தச் செட்டிங் பக்கத்துக்குள் நுழையும் பாஸ்வேர்டு. பலர் இதைத் தொடுவதே இல்லை. 2016இல் மிராய் என்ற வைரஸ் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்தது. அதற்குப் பெரிய தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

அடுத்து ஃபர்ம்வேர், அதாவது ரூட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளின் புதுப்பிப்பு. அதன் பிறகு வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ3, அது இல்லையென்றால் டபிள்யூபிஏ2. டபிள்யூஇபி என்று ஒன்று பட்டியலில் இருந்தால் தொடாதீர்கள், 2001இலேயே அதன் பூட்டை உடைத்துவிட்டார்கள். டபிள்யூபிஎஸ் என்ற பட்டன் வசதியையும் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமும் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. அதனால் பத்துக் கோடி முயற்சிகள் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 முயற்சிகளே போதும் என்று 2011இல் தெரியவந்தது. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி ஒன்று இருக்கும், அதுவும் அணைந்திருக்க வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். சம்பந்தமில்லாத நாலு சொற்களைக் கோத்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது.

விருந்தாளி நெட்வொர்க் வசதி இருந்தால் அதைத் திறந்து, வருகிறவர்களின் போனோடு கேமரா, ஸ்மார்ட் பல்பு வகையறாக்களையும் அதிலேயே போடுங்கள். மலிவான பல்பு, குடும்பப் படங்கள் இருக்கும் கணினியோடு ஒரே அறையில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனி காற்று. 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுவர் தாண்டிப் போகும், ஆனால் நெரிசல் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. அடுப்பு ஓடும்போது மட்டும் நெட் திணறினால் அது தற்செயல் அல்ல. இதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றும்தான். அக்கம்பக்கத்தில் எது குறைவாக இருக்கிறது என்று போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். யாரும் இல்லையே என்று நடுவில் 3ஐயோ 8ஐயோ போட்டால் இரு பக்கத்துச் சத்தமும் உங்களுக்குத்தான். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இடமும் நிறைய. இரண்டு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும்.

ரூட்டரை வைக்கும் இடம் செலவே இல்லாத வைத்தியம். டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் வேண்டாம். உலோகம் சிக்னலைத் திருப்பிவிடும், தண்ணீர் குடித்துவிடும். வீட்டின் நடுவில், தலைக்கு மேலான உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் சண்டை வரும். அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

பழைய ரூட்டருக்கு மறுவாழ்வு

இனி பின்னறை. பழைய ரூட்டருக்குள் இருக்கும் மூன்றாமவரை மட்டும் வேலைக்கு எடுத்து, மற்ற இருவரில் ரூட்டரைத் தூங்க வைக்கப் போகிறோம். சில மாடல்களில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று ஒரே சொடுக்கில் முடியும். இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும். இதில் வரிசை முக்கியம்.

1. பழைய ரூட்டரை முதன்மை ரூட்டரோடு இணைக்காமல் தனியாக வைத்து, ஊசியால் ரீசெட் செய்யுங்கள். கணினியைக் கேபிளால் அதன் சாதாரணத் துளை ஒன்றில் செருகுங்கள்.

2. வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் முதன்மை ரூட்டரில் உள்ளபடியே வையுங்கள், சேனலை மட்டும் வேறாக. அங்கே 1 என்றால் இங்கே 6 அல்லது 11. நிர்வாகப் பாஸ்வேர்டையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

3. அதன் சொந்த ஐபி முகவரியை மாற்றுங்கள். முதன்மை ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். முதன்மை ரூட்டர் பங்கிடும் வரிசைக்கு வெளியே இருக்கும் எண்ணாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

4. புது முகவரியில் மறுபடி உள்ளே நுழைந்து டிஹெச்சிபியை அணையுங்கள்.

5. இப்போது முதன்மை ரூட்டரின் சாதாரணத் துளையிலிருந்து வரும் கேபிளை இதன் சாதாரணத் துளையில் செருகுங்கள். நிறம் மாறித் தனியாக இருக்கும் இணையத் துளையில் அல்ல.

நாலாவது படியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். அன்று இரவு எல்லாம் சரியாக ஓடியது. மறுநாள் காலையில் பாதி சாதனங்களில் நெட் இல்லை, பாதியில் இருக்கிறது. ஒரு போனை அணைத்துப் போட்டால் சில முறை வருகிறது, சில முறை வரவில்லை. வீட்டில் இரண்டு பேர் முகவரி பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய ரூட்டரிடம் வாங்கியவை எல்லாம் 'வெளியே போகும் வழி நான்தான்' என்று அது சொன்னதை நம்பி அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தன. அதற்கோ வெளியே போக வழியே இல்லை.

மூன்றாவது, நாலாவது படிகளைச் செய்யாமல் இணையத் துளையில் செருகினாலும் நெட் வரலாம், அதனால் பலர் கவனிப்பதில்லை. ஆனால் பின்னறை தனி நெட்வொர்க்காகிவிடும். கூடத்தில் இருக்கும் கணினிக்குப் பின்னறை பிரிண்டர் கண்ணில் படாது.

டிஹெச்சிபியை அணைத்த பிறகு மறுபடி அதன் செட்டிங்குக்குள் போக முடியாமல் தவித்தால், கணினிக்கு 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று கையால் கொடுத்துப் போகலாம். வேலை முடிந்ததும் 'தானாகப் பெறு' என்பதற்குத் திருப்பிவிடுங்கள்.

பழைய ரூட்டரில் டபிள்யூபிஏ2கூட இல்லை என்றால் வைஃபையை அணைத்துவிட்டு வெறும் ஸ்விட்சாகப் பயன்படுத்துங்கள். தயாரித்தவர்கள் புதுப்பிப்பை நிறுத்திய மாடல் என்றால், 2004இலிருந்து வளர்ந்துவரும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேர் அதற்கு உண்டா என்று பார்க்கலாம். ஆனால் அது முதல் நாள் வேலை அல்ல.

கேபிளே இழுக்க முடியாத வீடுகளில் ரிப்பீட்டரைப் பரிந்துரைப்பார்கள். ஒரே ரேடியோ உள்ள ரிப்பீட்டர், கேட்டதை அதே சேனலில் திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகக் குறையும். மின்சார வயர் வழியாகவே தகவல் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் இன்னொரு வழி. வீட்டு வயரிங்கைப் பொறுத்து அமையும், நன்றாக ஓடினால் அதிர்ஷ்டம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர்ப் பிளக்கில் செருகுங்கள், வாங்கும்போது திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்டரும் பொதுக் கோப்பும்

பிரிண்டர் நேற்று வேலை செய்தது, இன்று 'ஆஃப்லைன்' என்கிறது என்றால், பெரும்பாலும் அதன் முகவரி மாறியிருக்கும். ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் முகவரியை ஒதுக்கி வைக்கும் வசதி இருக்கும். பிரிண்டருக்கு நிரந்தரமாக ஓர் எண்ணை எழுதிவிடுங்கள்.

கோப்புகளைப் பகிரத் தனிச் சாதனம் வேண்டாம். ரூட்டரில் யுஎஸ்பி துளை இருந்தால் பழைய ஹார்டு டிஸ்க்கைச் செருகிப் பொது அலமாரி ஆக்கலாம். வேகம் சுமார்தான். பல பழைய ரூட்டர்கள் எஸ்எம்பி1 என்ற பழைய முறையில்தான் பகிரும், புது விண்டோஸ் அதை ஏற்காது. இணையத்தில் தேடினால் விண்டோஸில் அதைத் திரும்ப இயக்கும் வழியைச் சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017இல் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதற்குப் பதில், எப்போதும் ஓடும் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பாஸ்வேர்டோடு பகிருங்கள்.

வரவில்லையா? உள்ளிருந்து வெளியே தேடுங்கள்

முதலில் விளக்கு. கேபிள் செருகிய துளையில் விளக்கு எரியவில்லை என்றால் செட்டிங்கைத் தொட வேண்டாம். பிரச்சினை கேபிளிலோ பிளக்கிலோதான்.

விளக்கு எரிகிறது என்றால் கணினியின் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், யாரும் முகவரி தராததால் அதுவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். டிஹெச்சிபி வரை எட்டவில்லை. முகவரி சரி என்றால் 'இருக்கிறாயா?' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பிங் கட்டளையில் முதலில் ரூட்டரைக் கேளுங்கள். பதில் வந்தால் வெளி இணையத்தில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 முகவரியைக் கேளுங்கள். அதுவும் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. ரூட்டர் பதில் சொல்லி, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வெளி இணைப்பில். அப்போதுதான் இணைப்பு தருபவருக்குப் போன் செய்ய வேண்டும்.

இன்னொன்று: கிகாபிட் ஸ்விட்ச், அதைவிட வேகமான இணைப்பு என்று எல்லாம் இருந்தும் வேகச் சோதனை 94, 95ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? அந்த எண்ணே துப்பு. கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே ஜோடி போதும். எங்கோ ஒரு கம்பி, பெரும்பாலும் நீலமோ பழுப்போ, பிளக்கில் சரியாகக் கடிக்கவில்லை. இரு பக்கமும் பேசிப் பார்த்து, இருக்கும் இரண்டு ஜோடியோடு சமாதானமாகிவிட்டன. பிளக்கை வெட்டிவிட்டு மறுபடி அடியுங்கள்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் டேப் ஒட்டி ஒரே எண்ணை எழுதுங்கள். அடாப்டர்களிலும் எந்தப் பெட்டிக்கு எது என்று எழுதுங்கள். முதலில் கிறுக்கிய அந்தத் தாளில் கேபிள் எண்கள், பெட்டிகளின் முகவரிகள், ரீசெட் ஆனால் மறுபடி மாற்ற வேண்டிய செட்டிங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது ஒரு நாள், 'இந்தச் சின்னத் துளை எதற்கு?' என்று ஊசியை விட்டுப் பார்ப்பார்கள்.